யொருபா அகராதியில் தலைச்சொல்: எந்தக் குறியை விடலாம், எதை விடக்கூடாது

குரலின் ஏற்ற இறக்கமே (தொனி) சொல்லின் பொருளை மாற்றும் மேற்கு ஆப்பிரிக்க மொழி ஒன்றுக்கு அகராதி தொகுக்கும்போது, தலைச்சொல்லை, அதாவது ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லை, எப்படி எழுதுவது? செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் கைபேசிச் செய்தியிலும் யாரும் தொனிக்குறியை முழுதாக இடுவதில்லை என்றால், அகராதி மட்டும் ஏன் இட வேண்டும்? இதுதான் கேள்வி. நைஜீரியாவின் தென்மேற்கிலும் அண்டை நாடான பெனினிலும் பேசப்படும் யொருபாவை வைத்துப் பதில் சொல்கிறேன். எழுத்துமுறை பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விவாதித்த மொழி அது. அகராதிக்காரருக்கு வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே அதில் வந்திருக்கிறது.

சுருக்கமான விடை: தலைச்சொல்லில் எல்லாத் தொனியும் எல்லாப் புள்ளியும் இருக்க வேண்டும். தேடும்போது ஒரு குறியும் இல்லாமல் தட்டினாலும் அந்தச் சொல் கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பல அகராதித் திட்டங்கள் நடுவழியில் சிக்குகின்றன.

எடுத்துக்காட்டுகளைப் படிக்க ஓர் ஏற்பாடு. யொருபா ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் வாய்வழி உயிர்கள் ஏழு. ஏ, ஓ இரண்டுக்கும் இரண்டிரண்டு வகை உண்டு: வாயைக் குறுக்கிச் சொல்வது, அகலத் திறந்து சொல்வது. அகலத் திறந்ததற்கு எழுத்தின் கீழே ஒரு புள்ளி வரும். புள்ளியில்லாததை ஏ, ஓ என்றும் புள்ளியுள்ளதை எ, ஒ என்றும் இங்கே எழுதுகிறேன். நெடில், குறில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடையாளத்துக்கு மட்டுமே. தொனி மூன்று: மேல், நடு, கீழ். மேல் தொனிக்கு உயிரின் தலையில் வலப்பக்கம் ஏறும் சாய்கோடு, கீழ்த் தொனிக்கு வலப்பக்கம் இறங்கும் சாய்கோடு. நடுத் தொனிக்குக் குறியே கிடையாது. பள்ளிகளில் இவற்றை டோ, ரே, மி என்று பாடிக் காட்டுவார்கள்: கீழ் டோ, நடு ரே, மேல் மி.

இனி ஒக்கொ என்ற மூன்றெழுத்தைப் பாருங்கள். நடு–நடு என்றால் கணவன். நடு–மேல் என்றால் மண்வெட்டி. நடு–கீழ் என்றால் வண்டி, படகு போன்ற ஊர்தி. கீழ்–கீழ் என்றால் ஈட்டி. புள்ளிகளை எடுத்துவிட்டு ஓக்கோ என்று நடு–நடுவில் சொன்னால் வயல். இக்பா என்பதும் அப்படித்தான்: நடு–நடு இருநூறு, நடு–மேல் சுரைக்குடுவை, கீழ்–கீழ் காலம், நடு–கீழ் பனையேறும் கயிறு. வாக்கியத்தில் வரும்போது, ஏறியது ஊர்தியா கணவனா என்று வாசகர் ஊகித்துக்கொள்வார். அகராதிப் பதிவில் தலைச்சொல் தனியாக நிற்கிறது, அங்கே ஊகிக்க முன்பின் எதுவும் இல்லை. பொது எழுத்துக்குப் போதுமான அளவு குறி அகராதிக்குப் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நடுத் தொனிக்குக் குறி இல்லாததில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. குறியில்லாத உயிரைப் பார்த்தால் இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, அது நடுத் தொனி. மற்றொன்று, எழுதியவர் குறி இடவில்லை. சொல் முழுவதும் குறியிடப்பட்டிருக்கிறது என்ற உறுதி இருந்தால் மட்டுமே வெறுமை ஒரு குறியாக வேலை செய்யும். ‘குழப்பம் வரும் இடத்தில் மட்டும் போடு’ என்ற கொள்கை, பார்க்கச் சிக்கனமாகத் தெரிந்தாலும், அகராதியில் பாதகம் செய்யும்: பாதிக் குறி இட்ட சொல், குறியே இடாத சொல்லைவிட அதிகமாக ஏமாற்றும். ஆகவே தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ‘தொனி சரிபார்த்தாயிற்று’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அது நிரம்பாத பதிவு அச்சுக்குப் போகக்கூடாது. தொனி வரிசையைத் தனிக் கட்டத்திலும் எழுதிவையுங்கள்: கீழ் 1, நடு 2, மேல் 3. கணவன் 22, மண்வெட்டி 23, ஊர்தி 21, ஈட்டி 11. சொல்லில் உள்ள உயிர்களின் எண்ணிக்கையும் (ன், ம் போன்ற மெல்லொலி தனி அசையாக நின்றால் அதையும் கூட்டி) இந்த இலக்கங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். இந்த ஒரே சரிபார்ப்பு, விடுபட்ட குறிகளிலும் தட்டச்சுப் பிழைகளிலும் கணிசமானதைப் பிடித்துத் தரும்.

எந்தத் தொனியை எழுதுவது என்பதுதான் கடினமான பகுதி. காதில் விழுவதை அப்படியே எழுதினால் தவறாகும். யொருபாவில் மேல் தொனியை அடுத்து வரும் கீழ்த் தொனி சரிந்து இறங்கும், கீழ்த் தொனியை அடுத்து வரும் மேல் தொனி கீழிருந்து ஏறும். ‘புத்தகம்’ என்ற பொருளுள்ள இவே (கீழ்–மேல்) என்ற சொல்லின் கடைசி உயிர் ஏறிச் செல்வதாகவே கேட்கும். புதிதாகக் குறியிடுபவர் அங்கே ‘ஏறு தொனி’ என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். அப்படி ஒரு தொனி அங்கே இல்லை, பக்கத்துத் தொனியின் இழுப்பு மட்டுமே. வழி என்னவென்றால், வரிசை தெரிந்த சொற்களோடு புதுச் சொல்லை ஒப்பிட்டு, ஒரே மெட்டில் வருபவற்றைக் குவியல் குவியலாகப் பிரிப்பது. பேசுபவரைச் சொல்லாமல் முனகச் சொன்னாலோ சீழ்க்கை அடிக்கச் சொன்னாலோ மெட்டு மட்டும் தனித்துக் கேட்கும். பேசும் முரசான துந்துன் இந்த மெட்டை வைத்துத்தான் வாக்கியமே பேசுகிறது.

வாக்கியத்திலிருந்து சொல்லைப் பிய்த்தெடுப்பதிலும் ஆபத்து உண்டு. வினைக்கு முன் எழுவாயாக நிற்கும் பெயரின் கடைசி அசை பேச்சில் மேல் தொனிக்கு ஏறிவிடும். ஒமொ (நடு–நடு) என்றால் குழந்தை. ‘குழந்தை போயிற்று’ என்ற வாக்கியத்தில் அதுவே நடு–மேல் ஆகக் கேட்கும். அந்தப் பதிவிலிருந்து தலைச்சொல் எடுத்தவர் இல்லாத ஒரு சொல்லைப் படைத்துவிடுவார். பெயர்ச்சொல்லைத் தனியாகச் சொல்லச் சொல்லித்தான் தலைச்சொல் எடுக்க வேண்டும்.

வினையில் பொறி வேறுவிதம். கீழ்த் தொனி வினை, பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது நடுத் தொனியாக மாறிவிடும். ‘வாங்கு’ என்பது ரா, கீழ்த் தொனி. ‘புத்தகம் வாங்கினான்’ என்று எழுதும்போது அந்த ரா குறியில்லாமல், நடுத் தொனியில்தான் வரும். எழுத்துமுறையும் அப்படியே எழுதச் சொல்கிறது. வாக்கியங்களை மட்டும் வைத்துத் தொகுப்பவர் தலைச்சொல்லை நடுத் தொனியில் கொடுத்துவிடுவார். சோதனை எளிது: பெயருக்குப் பதில் ‘அதை’ என்ற சுட்டுப்பெயரை வையுங்கள். ‘அதை வாங்கினேன்’ என்னும்போது ரா கீழ்த் தொனியிலேயே நிற்கும், பின்னால் வரும் ஆ மேல் தொனியில் வரும். உண்மையிலேயே நடுத் தொனி கொண்ட ஜெ (‘சாப்பிடு’) இந்த இடத்தில் நடுவிலேயே நிற்கும். இப்படிக் கிடைக்கும் வடிவமே தலைச்சொல். நடுத் தொனி மாற்றத்தை ஒவ்வொரு பதிவிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. முன்னுரையில் ஒரு முறை விளக்கி, பதிவில் ஒரே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்தால் போதும்.

பிளந்து நிற்கும் வினைகளையும் கவனியுங்கள். ‘கெடு’ என்பது பாஜெ (கீழ்–மேல்). செயப்படுபொருள் வந்தால் அது இரண்டாகப் பிளந்து பொருளை நடுவில் வைத்துக்கொள்ளும், முன்பாதி நடுத் தொனிக்கு மாறும். இதைத் தலைச்சொல்லில் நடுவே மூன்று புள்ளி இட்டுக் காட்டலாம், அல்லது சேர்த்தெழுதிவிட்டு ‘பிளக்கும்’ என்று குறிப்பிடலாம். இரண்டாவது முறையே நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் புள்ளியிட்ட தலைச்சொல்லை யாரும் தேடித் தட்டமாட்டார்கள்.

எழுத்துக்களுக்கு வருவோம். மொத்தம் 25. புள்ளியிட்ட எ, ஒ, ஷ மூன்றும் தனித்தனி எழுத்துகள், அலங்காரம் அல்ல. ஜி (g), பி (b) இரண்டும் சேர்ந்த கூட்டெழுத்தும் ஒரே எழுத்து, அகரவரிசையில் ஜி-க்குப் பின் தனி இடம் பெறும். நாவின் பின்பகுதியிலும் உதட்டிலும் ஒரே நேரத்தில் அடைத்து விடும் ஒலி அது. அதன் அதிர்வில்லாத இணையொலியை, ‘பென்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தால் மட்டுமே எழுதுகிறார்கள். யொருபாவின் சொந்தச் சொற்களில் வெறும் ப-ஒலி இல்லாததால் குழப்பம் வருவதில்லை. பெனினில் தேசிய மொழிகளுக்கென வகுத்த எழுத்துமுறையில் இதே ஒலி இரண்டெழுத்தால் வரும், ஷ-வுக்கும் இரண்டெழுத்து, திறந்த எ, ஒ இரண்டுக்கும் புள்ளிக்குப் பதில் வேறு உருவம். இரு நாட்டு வாசகருக்கும் அகராதி என்றால் ஒன்றை அடிப்படையாக்கி, மற்றதைத் தேடலில் மாற்றிக் கொடுங்கள். இரண்டையும் தலைச்சொல்லாக்கினால் நூல் இருமடங்கு பருத்துவிடும், பயன் இருக்காது.

மூக்கொலி உயிரை, உயிருக்குப் பின் ன-எழுத்தை இட்டுக் காட்டுகிறார்கள். இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. திறந்த ஒ-வின் மூக்கொலி, உதட்டு மெய்க்குப் பின் ‘ஒன்’ என்றும் மற்ற மெய்க்குப் பின் ‘அன்’ என்றும் எழுதப்படும். ‘துப்பாக்கி’ இபொன், ‘கதை’ இதான். ஒலியில் ஒன்றேதான், எழுத்தில் இரண்டு. ஒலியை மட்டும் பின்பற்றினால் இங்கே தவறுவீர்கள். அடுத்து, ம, ன எழுத்துகளுக்குப் பின் வரும் உயிர் தானாகவே மூக்கொலி பெறும், அதனால் அங்கே இறுதி ன-எழுத்து வராது. ‘வழி’ என்ற பொருளுள்ள ஒனா அப்படியே முடியும், ‘ஒனான்’ என்று எழுதக்கூடாது.

மெல்லொலி தனி அசையாகவும் நிற்கும். தொடர் நிகழ்வைக் காட்டும் ‘ன்’ மேல் தொனி கொண்ட முழு அசை. வினாச் சொல்லான ன்ஜெ கீழ்த் தொனி மெல்லொலியில் தொடங்குகிறது. இவற்றின் மேல் குறி இட்டே ஆக வேண்டும். குறியில்லாவிட்டால், முன்னால் இருக்கும் உயிரை மூக்கொலியாக்கும் எழுத்தாகத்தான் வாசகர் படிப்பார். அசையாக நிற்கும் மெல்லொலி நடுத் தொனியில் வந்தால் வெறுமையாக விடாமல், மேலே கிடைக்கோடு இட்டுக் காட்டுவதுண்டு. நடுத் தொனிக்குக் குறி தேவைப்படும் ஒரே இடம் அது.

பழைய நூல்களிலிருந்து சொல் திரட்டுபவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. யொருபாவைத் தாய்மொழியாகக் கொண்ட மிஷனரி சாமுவேல் அஜாயி குரோத்தர் 1843-இல் தன் சொற்றொகுதியை வெளியிட்டார். 1875-இல் லாகோஸில் கூடிய மிஷன் மாநாடு எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியது. 1913-இல் லாகோஸிலேயே மிஷன் அகராதி வந்தது, 1958-இல் மொழியறிஞர் ஆர். சி. ஏபிரகாமின் பெரிய அகராதி. அதன்பின் 1966-இல் எழுத்துமுறைக் குழுவின் அறிக்கையும், 1974-இல் நைஜீரியக் கல்விக் குழுவின் ஒப்புதலும் வந்து இன்றைய எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது. அந்தச் சீர்திருத்தம் சொல்லாத எழுத்தை எல்லாம் களைந்தது. ‘உலகம்’ முன்பு ஐயே போல இரட்டை உயிரோடு எழுதப்பட்டது, இப்போது அயே. ‘பறவை’யின் நடுவில் இருந்த இகரம் போய் எயெ ஆயிற்று. ‘அவர்கள்’ என்ற சொல்லின் முன்னால் ஒட்டியிருந்த ன-எழுத்து உதிர்ந்தது. ‘மனிதன்’ ஏனியா என்றிருந்தது, சொல்கிறபடியே ஏனியான் ஆனது. இரட்டை மெய்கள் ஒற்றையாயின. ஒரே உயிரின் மேல் இருந்த கூரைக் குறிகள், அதாவது ஏறி இறங்கும் தொனிக்கும் இறங்கி ஏறும் தொனிக்கும் இட்டவை, எடுக்கப்பட்டன. இப்போது உயிரை இருமுறை எழுதி ஒவ்வொன்றுக்கும் தன் தொனியை இட வேண்டும். ‘அந்த’ என்ற பொருளில் வரும் நாஆ, மேல்–கீழ் என்று இரண்டு அகரத்தோடு வரும். ‘காலை வணக்க’த்தில் மூன்று அகரம் அடுத்தடுத்து நிற்கும், மூன்றுக்கும் தனித்தனியே குறி இட வேண்டும். இதில் தவறு மலிவாகக் கிடைக்கும், கவனியுங்கள்.

பழைய வடிவங்களை எறிந்துவிடாதீர்கள். ஊர்ப்பெயர்களில் அவை உயிரோடு இருக்கின்றன: ஓஷோக்போ, இலேஷா, ஓக்போமோஷோ ஆகிய ஊர்ப்பெயர்களில் ஷ-வுக்கு இன்னும் பலர் இரண்டெழுத்து இடுகிறார்கள், ஓட்டாவில் இரட்டை மெய். வேதாகமத்தின் பழைய பதிப்பைப் படிக்கும் பாட்டியும் உங்கள் வாசகர். பழைய எழுத்துக்கூட்டலைச் சுட்டுப் பதிவாக வைத்து, ‘காண்க’ என்று புதியதற்கு அனுப்புங்கள். விளக்கம் ஓரிடத்தில் மட்டும்.

சுட்டுப் பதிவு கட்டாயம் தேவைப்படும் இன்னொரு கூட்டம், ஓனி என்ற முன்னொட்டால் ஆகும் சொற்கள். ‘உடையவர்’ என்று பொருள். இகரத்தில் தொடங்கும் பெயரோடு சேர்ந்தால் அது அப்படியே தெரியும்: இலே (வீடு) சேர்ந்து ஓனிலே, வீட்டுக்காரர். மற்ற உயிர்களில் தொடங்கும் பெயரோடு சேர்ந்தால் ன்-ஒலி ல் ஆகி, முன் உயிரும் மாறிவிடும். ஓவோ (பணம்) சேர்ந்து ஓலோவோ, செல்வர். அஷொ (துணி) சேர்ந்து அலாஷொ, துணி விற்பவர். எஜா (மீன்) சேர்ந்து எலெஜா, மீன்காரர். படிப்பவர் எலெஜாவை எ-விலும் அலாஷொவை அ-விலும் தேடுவார், ஓ-வில் அல்ல. எனவே தனிப் பதிவு கொடுத்து மூலப் பெயரைச் சுட்டுங்கள். இங்கேயே புள்ளியின் மதிப்பையும் பார்க்கலாம்: ஓனிலே என்றால் வீட்டுக்காரர், கடைசி உயிர் புள்ளி பெற்றுக் கீழ்த் தொனிக்கு இறங்கி ஓனிலெ ஆனால் நிலத்துக்காரர். சொத்து வழக்கில் இது சின்ன வேறுபாடு அல்ல.

அகரவரிசையைக் கணினியின் போக்குக்கு விட்டுவிடக்கூடாது. பொதுவான அட்டவணைச் செயலிகள் புள்ளியைப் புறக்கணித்து ஏ-யையும் எ-யையும் கலக்கும், கூட்டெழுத்தை இரண்டாக உடைக்கும். 25 எழுத்துக்கும் 01 முதல் 25 வரை இரட்டை இலக்கம் கொடுத்து ஒரு வரிசைச் சாவி உருவாக்குங்கள். ஓ 16, ஒ 17, க் 12. ‘வயல்’ 161216-22, ‘ஈட்டி’ 171217-11, ‘ஊர்தி’ 171217-21, ‘கணவன்’ 171217-22, ‘மண்வெட்டி’ 171217-23. முதலில் எழுத்து, அது சமமானால் மட்டும் தொனி. சொல்லின் நடுவில் மெய்கள் அடுத்தடுத்து வராத மொழி என்பதால் ஜி-யும் பி-யும் சேர்ந்து வந்தால் அது எப்போதும் கூட்டெழுத்தே, பிரிப்பதில் ஐயம் வராது. தொனியில் வேறுபடும் சொற்களுக்கு 1, 2 என்று எண் இடாதீர்கள், தொனியே அவற்றைப் பிரித்துவிட்டது. தொனியும் எழுத்தும் முழுக்க ஒத்தவற்றுக்கே எண்: மேல் தொனி கொ ‘கட்டு’, அதே மேல் தொனி கொ ‘கற்றுக்கொள்’. நடுத் தொனி கொ ‘எழுது’, கீழ்த் தொனி கொ ‘மறு’. இவை தனிச் சொற்கள்.

கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான ஒருங்குறியில் புள்ளியிட்ட எ, ஒ, ஷ மூன்றுக்கும் ஒற்றைக் குறியெண் இருக்கிறது. ஆனால் புள்ளியும் தொனியும் சேர்ந்த எழுத்துக்கு ஒற்றைக் குறியெண் இல்லை. ஆகவே ஒரே எழுத்தைப் பல விதமாகத் தட்டலாம், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடலில் மட்டும் கிடைக்காது. தரவை உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிடுங்கள். கீழ்ப்புள்ளி 0323, மேல் தொனி 0301, கீழ்த் தொனி 0300. புள்ளிக்குப் பதில் சிறு செங்குத்துக் கோடு (0329) இடும் பழக்கமும் உண்டு, இயல்பாக்கம் இதைப் புள்ளியாக மாற்றாது, நீங்களே மாற்றியாக வேண்டும். தேடலை மூன்று படியாக அமையுங்கள்: முதலில் தட்டியது தட்டியபடி, பிறகு 0300, 0301 இரண்டையும் நீக்கி, கடைசியாகப் புள்ளியையும் நீக்கி. எழுத்துருவில் தொனிக்கோடு பக்கத்தில் நழுவிப்போனால் அந்த எழுத்துருவை மாற்றுங்கள். சாரிஸ், ஜென்டியம், நோட்டோ ஆகியவை புள்ளியையும் கோட்டையும் சரியாக அடுக்கும். பெரிய எழுத்தில் தொனிக்கோட்டை விட்டுவிடும் அச்சுப் பழக்கத்தை மட்டும் ஏற்காதீர்கள், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பெரிய எழுத்தில்தான் தொடங்குகின்றன.

கடன்சொற்களுக்குத் தனி விதி வேண்டாம், பேசுகிறபடி எழுதுங்கள். ஆங்கிலத்தின் அழுத்தம் யொருபாவில் மேல் தொனியாகும், இறுதி கீழே இறங்கும். ‘ரொட்டி’ புரெதி (மேல்–மேல்–கீழ்), ‘ஆசிரியர்’ திஷா (மேல்–கீழ்). அரபு வேர் கொண்ட ‘வெங்காயம்’ அலுபொசா, கீழ்–கீழ்–மேல்–கீழ்.

இந்த ஏற்பாட்டை அப்படியே மற்ற மொழிக்குப் பெயர்த்துவிட முடியாது. நைஜீரியாவின் இன்னொரு பெரிய மொழியான ஹௌசாவில் வழக்கமான எழுத்து தொனியையும் உயிரின் நீளத்தையும் காட்டுவதே இல்லை, அகராதி இரண்டையும் காட்ட வேண்டும். அங்கே மேல் தொனியை வெறுமையாக விட்டுக் கீழ்த் தொனிக்கும் இறங்கு தொனிக்கும் குறி இடுவது அறிஞர் வழக்கு. அந்நாட்டின் மற்றொரு மொழியான இக்போவில் அடிப்படைத் தொனி இரண்டுதான். அக்வா என்ற ஒன்றே மேல்–மேல் அழுகை, கீழ்–மேல் முட்டை, மேல்–கீழ் துணி, கீழ்–கீழ் கட்டில். ஆனால் அங்கே மேல் தொனி ஒரு படி இறங்கி நிற்பதும் பொருளை மாற்றும், அதற்கும் குறி வேண்டும். எந்தத் தொனியை வெறுமையாக விடுவது என்பதை அந்தந்த மொழியில் எது அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்து, முன்னுரையின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அச்சுக்கு முன் யொருபாப் பட்டியலில் இயந்திரத்தால் சலிக்க வேண்டியவை: மேல் தொனி உயிரில் தொடங்கும் தலைச்சொல் (சொந்தப் பெயர்ச்சொல் அப்படித் தொடங்காது), உகரத்தில் தொடங்கும் சொல் (பெரும்பாலும் ஏகிதி போன்ற வட்டார வடிவம், அடையாளம் இட்டு வைக்கவும்), இரட்டை மெய், ஷ-வுக்கு இரண்டெழுத்து, அகரத்தை ஒட்டிய இகரம், ம, ன எழுத்தை அடுத்த உயிருக்குப் பின் தேவையற்ற ன-எழுத்து, மேற்கோள் குறி போன்ற சுருக்கக்குறி. சிக்கியவற்றைத் தாளில் அச்சிட்டு, பேசுபவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் தொனி இலக்கங்களை மட்டும் பார்த்தபடி கேட்கட்டும். சொல்லின் பொருள் எழுதிய பத்தியை அவர் கண்ணில் படாமல் மடித்துவிடுங்கள். பொருள் தெரிந்தால், காது கேட்பதை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லையே கேட்கும்.